பாலாஜியின் முதுகும் எங்கள் ஊர் ஏரியும்

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டில் ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேலை. பயப்படும்படி ஒன்றுமில்லை, அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்குப் பதினான்கு வயது. லண்டனுக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஊரில் ஒரு கிளப்பில் விளையாடுகிறான். வேகப்பந்து. நான் பார்த்தவரை நன்றாகவே போடுகிறான். (அப்பன் சொல்கிற கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.) போன மாதம் ஒரு ஆட்டத்தில் நாலு விக்கெட் எடுத்து நல்ல வேகத்தில் இருந்தான். ஆறு ஓவர் முடிந்ததும் கோச் நிறுத்திவிட்டார். இந்த நாட்டுக் கிரிக்கெட் வாரியத்தின் விதி அது: 14, 15 வயதுப் பையன்கள் ஒரு ஸ்பெல்லில் ஆறு ஓவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஓவர், அதற்கு மேல் வேகப்பந்து போடக்கூடாது. "அப்பா, இன்னும் ஒரு ஓவர் கொடுத்திருந்தா அஞ்சு எடுத்திருப்பேன்" என்று கார் முழுக்கப் புலம்பல். எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான். சட்டதிட்டம் பார்த்தே சம்பளம் வாங்குகிற பேங்க்காரனுக்கே கோபம் வந்தது என்றால் பாருங்கள்.

அன்று ராத்திரி தோசை சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னான். "ஒரு மாசமாவே இடுப்புல இடது பக்கம் லேசா வலிக்குதுப்பா. பௌலிங் போட்டா மட்டும்தான்."

கையிலிருந்த தோசை அப்படியே நின்றது. இடது பக்கம், பந்து போடும்போது மட்டும். இதே வார்த்தையை நான் வேறொரு வாயிலிருந்து, வேறொரு மொழியில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் லட்சுமிபதி பாலாஜியைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

என் பையனைப் போன்றவர்களுக்குப் பாலாஜி என்றால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சென்னை அணியின் டக்-அவுட்டில் உட்கார்ந்திருந்த பௌலிங் கோச். அவ்வளவுதான். எனக்கு அவர் கிட்டத்தட்ட என் வயதுக்காரர், 1981ல் பிறந்தவர். 2004ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திருப்பதியில் நாலு பேர் சேர்ந்து ஒரு அறை. பக்கத்து மெஸ்ஸில் ஒரு பழைய டி.வி. பாகிஸ்தான் தொடரை அங்கேதான் பார்த்தோம். மெஸ்காரர் இந்தப் பையன் பெயரைக் கேட்டு அசந்துபோனார். லட்சுமிபதியும் பெருமாள், பாலாஜியும் பெருமாள், ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை சாமி பேரா என்றார். மலைமேல் இருப்பவரைப் பாலாஜி என்று அதிகம் கூப்பிடுவது வடக்கத்தி யாத்ரீகர்கள் என்பது தனிக்கதை.

பாலாஜியின் ஆரம்பம் ஒன்றும் ஆஹா ஓஹோ இல்லை. 2002 நவம்பரில் வடோதராவில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் ஒருநாள் ஆட்டம். நாலு ஓவர், 44 ரன், விக்கெட் இல்லை. உடனே வெளியே. 2003 அக்டோபரில் நியூசிலாந்துக்கு எதிராக அகமதாபாதில் முதல் டெஸ்ட். அந்தத் தொடரின் இரண்டு டெஸ்டிலும் சேர்த்து ஒரே விக்கெட். இத்தோடு சரி என்றுதான் நினைத்தோம்.

பிறகு அந்தப் பாகிஸ்தான் பயணம். ஷோயப் அக்தரை சிக்ஸர் அடித்தது, அதற்குச் சிரித்த சிரிப்பு, எதிரணி ரசிகர்களே பெயர் சொல்லிக் கத்தியது எல்லாம் உங்களுக்கே தெரியும். அந்தச் சிரிப்பைப் பேசிப் பேசியே அவருடைய பந்துவீச்சை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். தொடர் 1-1 என்று இருந்தபோது ராவல்பிண்டியில் மூன்றாவது டெஸ்ட். ஏப்ரல் 13, 2004. முதல் இன்னிங்ஸில் பாகிஸ்தான் 224க்கு ஆல் அவுட், பாலாஜிக்கு 63 ரன்னுக்கு 4 விக்கெட். அப்புறம் திராவிட் 270 அடித்தார், எல்லோரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் பாலாஜிக்கு மேலும் மூன்று. பாகிஸ்தான் மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. மெஸ்காரர் அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி போட்டார், அதற்கும் பில் போட்டார்.

அடுத்த வருடம் பாகிஸ்தான் இங்கே வந்தது. மார்ச் 2005, மொஹாலி. முதல் இன்னிங்ஸில் 76 ரன்னுக்கு 5. இரண்டாவதில் 95க்கு 4. ஒரே டெஸ்டில் ஒன்பது விக்கெட். அந்த ஆட்டத்தை ஜெயித்திருக்க வேண்டும். கம்ரன் அக்மலும் அப்துல் ரசாக்கும் கடைசி நாளில் நங்கூரம் போட்டு டிரா ஆக்கிவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் பெங்களூரில் மூன்றாவது டெஸ்ட்.

அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? வயது 23.

பி.காம். படித்தவன் புத்தி, எதையும் லெட்ஜரில் போட்டுப் பார்க்கும். 8 டெஸ்ட், 27 விக்கெட், சராசரி 37.18. எண்ணை மட்டும் பார்த்தால் சுமார் ரகம். ஆனால் பேரேட்டைப் பிரித்துப் பாருங்கள். நியூசிலாந்துக்கு எதிராக 1. பாகிஸ்தானில் 12. இங்கே வந்த பாகிஸ்தானுக்கு எதிராக 14. இன்சமாமும் யூசுஃபும் யூனிஸும் ஆடிய அணிக்கு எதிராக ஆறு டெஸ்டில் 26 விக்கெட். முழுதாக எழுதி முடிப்பதற்குள் மூடப்பட்ட கணக்கு இது. மூடிய கணக்குக்குச் சராசரி பார்ப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை.

முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்றார்கள். அறுவை சிகிச்சை, ஓய்வு, பந்து போடும் முறையையே மாற்றுதல் என்று கிட்டத்தட்ட மூன்று வருடம் ஓடியது.

அப்போது எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை. எலும்பு உடைவது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெதுருகுப்பத்திலிருந்து புறப்பட்டால் புத்தூர் எட்டிவிடும் தூரம். புத்தூர் கட்டு தெரியுமல்லவா? மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, துணி. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாடு, கர்நாடகம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கையைக் காலைத் தொட்டில் கட்டிக்கொண்டு வருவார்கள். உடைந்தால் வீங்கும், கோணும், தொட்டால் கத்துவான். பந்து போட்டு முதுகு எலும்பு உடையுமா என்ன?

உடையும். ஆனால் டக்கென்று உடையாது, அதுதான் விஷயம். வலது கைக்காரன் ஓடிவந்து பந்தை விடும் நேரத்தில் இடது கால் தரையில் அறைகிறது. உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒரு காலில். அதே நொடியில் இடுப்பு பக்கவாட்டில் வளைகிறது, முறுக்குகிறது. இந்தப் பாரம் முழுக்கக் கீழ் முதுகில் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்பின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தில் போய் உட்காருகிறது. பெரும்பாலும் பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம். ஒரு பந்தால் ஒன்றும் ஆகாது. எலும்பு உயிருள்ள பொருள், தேய்ந்ததைத் தானே நிரப்பிக்கொள்ளும். நிரப்புவதற்கு நாள் கொடுக்காமல் போட்டுக்கொண்டே இருந்தால் முதலில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், பிறகு மயிரிழையாக விரியும். இருபது, இருபத்தைந்து வயது வரை அந்த இடம் முழுதாக இறுகுவதும் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால் தேய்மானம். வருடா வருடம் ஒதுக்கீடு செய்யாமல் விட்டால் ஒருநாள் மெஷின் நிற்கும், ஆடிட்டர் வந்து கேட்பார்.

இது உலகம் முழுக்க நடந்த கதை. வெஸ்ட் இண்டீஸின் இயன் பிஷப் 21 டெஸ்டில் 100 விக்கெட் எடுத்தவர். இடையில் முதுகு இரண்டு முறை படுக்கவைத்தது, 161 விக்கெட்டோடு நின்றுபோனார். ஆஸ்திரேலியாவின் புரூஸ் ரீட், ஆறடி எட்டங்குல ஒட்டடைக்குச்சி, 27 டெஸ்டில் 113. நியூசிலாந்தின் ஷேன் பாண்ட் 18 டெஸ்டில் 87 விக்கெட், சராசரி 22.09. அவர் முழுசாக ஆடியிருந்தால் என்று யோசித்தால் தூக்கம் வராது. முதுகு மட்டும்தான் என்றும் இல்லை. 2005 ஆஷஸில் 18 விக்கெட் எடுத்த சைமன் ஜோன்ஸ் நாட்டிங்ஹாமில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், அப்புறம் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. நம் சலில் அங்கோலா 1989ல் கராச்சியில் சச்சினோடு சேர்ந்து அறிமுகமானவர். காலெலும்பில் வந்த கட்டியால் முப்பது வயதுக்கு முன்னாலேயே கிரிக்கெட்டை விட்டார்.

திரும்பி வந்தவர் என்றால் டென்னிஸ் லில்லி. 1973ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பில் விரிசல், உடம்பெல்லாம் மாவுக்கட்டு. ஒன்றரை வருடத்துக்கும் மேல் பொறுமையாக உடம்பைத் திரும்பக் கட்டி, 1974-75 ஆஷஸில் 25 விக்கெட். கடைசியில் 355. அந்த மனிதர்தான் 1987லிருந்து சென்னைக்கு வந்து எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், நம்ம டி.ஏ. சேகரை உடன் வைத்துக்கொண்டு. அந்த வயதில் சச்சினும் வேகப்பந்து கற்க அங்கே போய், பேட்டிங்கைப் பார் தம்பி என்று திருப்பி அனுப்பப்பட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு வேகமாக ஓடிவர வேண்டும் என்பதைவிட முன்கால், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்பதுதான் லில்லிக்கு முக்கியம். அடிபட்டவருக்குத்தான் தெரியும்.

சரி, பாலாஜி திரும்பி வந்தாரா? பத்திரிகைகள் வந்தார் என்றுதான் எழுதின. 2008 மே 10, சேப்பாக்கம், பஞ்சாபுக்கு எதிராக ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்: இர்ஃபான், சாவ்லா, வி.ஆர்.வி. சிங். 24 ரன்னுக்கு 5. 2009ல் இலங்கையில் ஒரு ஒருநாள் ஆட்டம். 2012 டி20 உலகக் கோப்பையில் நாலு ஆட்டத்தில் 9 விக்கெட், இந்திய அணியில் அவர்தான் அதிகம். அதில் கடைசி ஆட்டம் தென்னாப்பிரிக்காவோடு. அரையிறுதிக்குப் போக இந்தியா 31 ரன்னில் ஜெயிக்க வேண்டும், அது எப்போதோ கை நழுவிவிட்டது. கடைசி ஓவர் பாலாஜி. மோர்க்கல் அண்ணன் ஒரு சிக்ஸர் அடித்து அவுட், மோர்க்கல் தம்பி ஒரு சிக்ஸர் அடித்து அவுட். ஒரு ரன்னில் வெற்றி, ஆனாலும் ஊருக்கு டிக்கெட். இந்தியாவுக்காக அவர் போட்ட கடைசிப் பந்து ஸ்டம்பைச் சாய்த்த பந்து என்பதை யாரும் கவனிக்கவில்லை. 2016ல் ஓய்வு பெறும்போது முதல்தர ஆட்டங்களில் 330 விக்கெட்.

இது தோல்வியா? இல்லவே இல்லை. ஆனால் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், ஆட்டோ அனுப்பாதீர்கள். மொஹாலியில் போட்டவர் திரும்பி வரவே இல்லை. வந்தவர் வேறொருவர். முதலாமவர் ஓடிவந்து பந்தைக் கடைசி நேரத்தில் வெளியே நழுவ விட்டு எட்ஜ் வாங்குவார். இரண்டாமவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மெதுபந்தும் நக்கிள் பந்துமாக மூளையை வைத்துப் பிழைத்தவர். இரண்டாமவர் மேல் எனக்கு மரியாதை அதிகம். உடம்பு கைவிட்ட பிறகும் அதே தொழிலில் இன்னொரு வழி கண்டுபிடிப்பது லேசான காரியமா? ஆனால் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால், 23 வயதில் ஒரு பௌலரை இழந்தோம் என்பதே கணக்கிலிருந்து காணாமல் போய்விடுகிறது. டெஸ்டும் ஒருநாளும் ரஞ்சியும் என்று மாறி மாறி ஓடிய அந்த இரண்டு வருடத்தில் அவர் எத்தனை பந்து போட்டார், எத்தனை நாள் இடைவெளி கிடைத்தது என்று நம்மில் யார் எண்ணினோம்? நான் எண்ணவில்லை. சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்கள் ஊர் ஏரி.

கடலை பிடுங்கி முடிந்ததும் தண்ணீர் வற்றிய ஏரிதான் எங்கள் மைதானம். என் பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன்தான் எங்கள் டீமின் பௌலர். கார்க் பந்தைச் செருப்பில்லாத காலோடு ஓடிவந்து போடுவான், மட்டை பிடித்தவன் கை மரத்துப்போகும். கேப்டன் யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். ஓடத் தெரியாது, அடிக்கத் தெரியாது, ஆனால் நோட்டில் கணக்கு எழுதுவேன், அந்தத் தகுதி. 1998 சங்கராந்திக்கு டோர்னமெண்ட். ஒரே நாளில் மூன்று ஆட்டம். மூன்றிலும் அவனைத்தான் போட வைத்தேன். "இன்னும் ஒரு ஓவர்ண்ணா, ஒரே ஒரு ஓவர்" என்று நான் சொல்லச் சொல்ல, அவன் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்துகொண்டு மறுபடி ஓடினான். கோப்பை வந்தது.

மறுநாள் திண்ணையில் படுத்திருந்தான். எங்கள் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. வலி என்றால் எங்களுக்குத் தெலுங்குதான் வரும். "நடும் பட்டேசிந்தி ரா" என்றான். இடுப்பு பிடித்துக்கொண்டதாம். இடது பக்கம். பந்து போட்டால் மட்டும் என்று சேர்த்துச் சொன்னான். எண்ணெய் போட்டு நீவினார்கள், சூடு ஒத்தடம் கொடுத்தார்கள், ஒரு டாக்டர் ஊசி போட்டு வாயு என்றார். பதினைந்து நாளில் எழுந்து வந்தான். நான் பந்தைக் கொடுத்தேன். அடுத்த வருடம் நிரந்தரமாக நிறுத்தினான். எலும்புக்கு நாட்டுக்கே பெயர்போன புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இது எலும்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டிக்கொண்டு போகவே இல்லை. நாற்பதைத் தாண்டி வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோதுதான் பழைய விரிசல் தெரிந்தது. இன்றைக்கும் அவனால் பைக்கில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது.

அவன் இந்தியாவுக்கு ஆடியிருப்பான் என்றெல்லாம் கதை விட மாட்டேன். சித்தூர் மாவட்ட டீம் செலக்ஷனுக்குப் போயிருப்பான். அவ்வளவாவது நடந்திருக்கும்.

காலம் மாறவில்லையா என்றால் மாறியிருக்கிறது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் நெட் பௌலராகப் போய், மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமாகி, பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸிலேயே மூன்று விக்கெட் எடுத்தார். மூன்றே மாதத்தில் முழங்காலில் அறுவை சிகிச்சை. எம்.ஆர்.ஐ. இருக்கிறது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், சரிசெய்து அனுப்பினார்கள். ஆனாலும் அந்த ஒரு டெஸ்டோடு டெஸ்ட் கணக்கு நிற்கிறது.

அன்று ராத்திரி தோசையை முடித்த கையோடு கோச்சுக்குப் போன் போட்டேன். எந்தப் பக்கம் என்று ஒரே கேள்வி கேட்டார். இடது என்றதும், "நாளையிலிருந்து பந்தைத் தொட வேண்டாம்" என்றார். அப்புறம் பிசியோ, ஸ்கேன், காத்திருப்பு. இரண்டு வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. முந்தாநாள் ரிசல்ட் வந்தது. ஐந்தாவது முள்ளெலும்பில் இடது பக்கம் நீர் கோத்திருக்கிறது, விரிசல் இன்னும் விழவில்லை. நாலு மாதம் பந்து போடக்கூடாது. அதற்கப்புறம் எண்ணி எண்ணித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். சீசன் போச்சு என்று பையன் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு.

நேற்று அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டுச் சொன்னேன். பையன் பந்து போடும் பழைய வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தேன். நாலைந்து தடவை பார்த்திருப்பான் போல. மாங்காய் மண்டியில் சத்தம், லாரி ஹாரன், நடுவில் அவன் குரல். "முன்கால் வெளியில விழுது பாரு. எனக்கும் அப்படித்தான் விழும். நாலு மாசம் கழிச்சுப் போடறப்போ எனக்கு மறுபடி அனுப்பு" என்றான். அப்புறம் பையனிடம் கொடுக்கச் சொன்னான். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவன் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒரு நாள்ல மூணு மேட்ச் போட்டாராமே, நிஜமாப்பா? கேப்டன் யாருன்னு கேட்டேன், சிரிக்கிறார்."